கலாதேவி பெயரில் வந்த மதிப்புரை

கலாதேவி எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்த மூன்றாவது வாரமே ஒரு கடைக்காரரைப் பகைத்துக்கொண்டார். இணையத்தில் பலரும் புகழ்ந்து எழுதியிருந்த காதுக் கவசம் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். இருபத்தேழு டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. அவர் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியிடம் சத்தம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி, கம்ப்ரெசர் அறையில் நின்று அந்தக் கவசத்தை அளந்து பார்த்திருக்கிறார். பதினொன்றுதான் குறைந்தது. அளந்த விதத்தையும் வந்த எண்ணையும் படத்தோடு எழுதி 'சசாரான்' தளத்தில் போட்டுவிட்டார்.

'சசாரான்' என்பது மலேசியாவில் பேராக்கிலும் பக்கத்து மாநிலங்களிலும் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பேசிக்கொள்ளும் இணையத் தளம். மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று மொழிக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. துப்பாக்கியைப் பற்றி அதில் பேச்சு குறைவு. இந்த நாட்டில் துப்பாக்கி எங்கள் கையில் இருப்பதே சுடுகிற அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அது கிளப்பின் இரும்பு அலமாரியில், உரிமத்தோடு, இரட்டைப் பூட்டுக்குள் கிடக்கும். நாங்கள் சொந்தமாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடியவை பாதுகாப்புக் கண்ணாடி, காதுக் கவசம், காலில் போடும் சப்பாத்து, கையுறை. ஆகவே எது நல்லது, எது ஏமாற்று என்பதுதான் அங்கே ஓயாத பேச்சு.

நான் அந்தக் கிளப்பின் செயலாளராக ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். பெயர் சுகுமாரன். அரசாங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். இதில் நடந்தவற்றில் பெரும்பகுதியை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கலாதேவிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் செம்பனை எண்ணெய் மரத்துக்கு மாறியபோது குடும்பம் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்துவிட்டது. பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து, சோதனைப் பிரிவின் மேற்பார்வையாளராக உயர்ந்திருந்தார். அங்கே அவருடைய வேலை என்னவென்று ஒருமுறை கேட்டேன். குவியலிலிருந்து கையுறைகளைத் தானே பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் காத்திருப்பார். ஒரு சொட்டு கசிந்தாலும் எழுதி வைப்பார். எண்ணிக்கை மிஞ்சினால் மொத்தக் குவியலும் திரும்பிப் போகும். இருபத்து நான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன் என்றார். சலிப்பாகச் சொல்லவில்லை.

அவர் சுடவந்ததே தற்செயல். தொழிற்சாலைகளுக்கு இடையிலான விளையாட்டு விழாவில் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டிக்கு ஆள் குறைந்ததால் இவர் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். மூச்சை நிறுத்தி ஒரு புள்ளியைப் பார்த்து நிற்பது அவருக்குப் பிடித்துப்போனது. வீட்டிலும் வேலையிலும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இங்கே குறிவரைக்கும் பத்து மீட்டருக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று ஒருநாள் சொன்னார். கணவர் தனேஸ்வரன் கிடங்கு ஒன்றில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிரே பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்.

காதுக் கவச விஷயத்துக்கு வருகிறேன். அதை விற்ற கடைக்காரர் தளத்திலேயே வந்து கலாதேவியைக் கண்டபடி எழுதினார். தொழிற்சாலைக்காரிக்கு என்ன தெரியும் என்று கேட்டார். அப்போது கலாதேவிக்காக நின்றவர் வயிரவன்.

வயிரவன்தான் 'சசாரான்' தளத்தைத் தொடங்கியவர். செட்டிநாட்டிலிருந்து வந்து ஈப்போவில் தொழில் செய்த குடும்பம். அவர் கணக்காய்வாளராக இருந்து நல்ல பெயர் எடுத்தவர். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டார். எங்கள் கிளப்பின் துணைத்தலைவர். அந்தக் கடைக்காரருக்கு அவர் பதில் எழுதினார். இந்த அம்மாள் எப்படி அளந்தார் என்று எழுதியிருக்கிறார், நீங்களும் அளந்து காட்டுங்கள், வசை வேண்டாம் என்று அதில் இருந்தது. கடைக்காரர் அதற்குப் பிறகு வரவில்லை. அந்தப் பதிலைக் கலாதேவி தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் ஒரு படித்த மனிதர் பத்துப் பேர் முன்னால் தனக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று பின்னால் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு தமிழ்ப் பகுதியில் 'கலாவின் சோதனை' என்று ஒரு இடமே ஒதுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அவர் முப்பதுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்து எழுதினார். கண்ணாடியைச் சோதிப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பட்டறையில் வாங்கிய ஒரு அங்குல இரும்புக் குண்டை, நாலடிக்குக் கொஞ்சம் கூடுதலான பி.வி.சி. குழாய் வழியாக நேராகக் கண்ணாடியின் மேல் விழவிடுவார். விரிசல் விட்டால் தோல்வி. சப்பாத்தைத் தண்ணீரில் ஊறவைப்பார். கையுறையைச் சொல்லவே வேண்டாம். எழுத்தில் மட்டும் அவருக்குக் கூச்சம். எழுத்துப் பிழை வரும் என்று பயப்படுவார். அதனால் எழுதியதை முதலில் வாட்ஸ்அப்பில் வயிரவனுக்கு அனுப்புவார். வயிரவன் பிழை திருத்தித் தளத்தில் ஏற்றுவார். தன் எழுத்து இவ்வளவு மரியாதையாக வருகிறதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். முதல் பத்து மதிப்புரைகளைத் திரும்பத் திரும்பப் படித்தாராம். பிறகு படிப்பதை விட்டுவிட்டார். அனுப்பியதுதானே வந்திருக்கும் என்கிற நிம்மதி.

அவருடைய சொல்லுக்கு மதிப்பு எவ்வளவு ஏறியிருந்தது என்பதற்கு என்னையே சொல்லலாம். கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்தால், கலா இதைப் பார்த்தாரா என்று போனில் தேடிவிட்டுத்தான் வாங்குவேன். பினாங்கிலிருந்தும் சித்தியவானிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் அவரிடம் கேட்டு எழுதுவார்கள். ஒரு வெள்ளிப் பணம்கூட அவர் யாரிடமும் வாங்கியதில்லை.

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் வயிரவன் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். 'மாத்தா ஹெலாங்' என்று பெயர். கழுகுக் கண் என்று அர்த்தம். புதிதாக இறக்குமதியாகிறது, விலை பாதிதான், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கலாதேவி அதன்மேல் இரும்புக் குண்டை ஆறு முறை போட்டார். கீறல்கூட விழவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவரே ஆச்சரியப்பட்டார். மதிப்புரை எழுதி வழக்கம்போல் வயிரவனுக்கு அனுப்பினார். இரண்டு நாளில் தளத்தில் வந்தது. நான் மறுவாரமே ஒன்று வாங்கினேன். கிளப்பில் பாதிப் பேர் வாங்கினார்கள். பிச்சைமுத்துவும் வாங்கினார்.

பிச்சைமுத்து கோப்பெங்காரர். முப்பது வருடம் லாரி ஓட்டி, அறுபது வயதுக்குமேல் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கிளப்பில் எல்லோருக்கும் அண்ணன். சுடுவதில் எங்கள் எல்லோரையும்விடக் கை நிதானம். ஆனால் அதைப் பற்றிப் பேசமாட்டார். கலாதேவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். அன்றைக்கு மேற்பார்வை என் பொறுப்பு. நாலாவது சுடும் தடத்தில் பிச்சைமுத்து நின்றிருந்தார். அவர் சுட்ட ஈயக் குண்டு குறி அட்டையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் விளிம்பில் பட்டுத் திரும்பிவிட்டது. எப்போதோ ஒருமுறை அப்படி நடக்கும். அதற்காகத்தானே கண்ணாடி போடுகிறோம். டக்கென்று ஒரு சத்தம். பிச்சைமுத்து துப்பாக்கியை மேசைமேல் ஒழுங்காகக் கிடத்திவிட்டு, குழல் வாயைக் குறிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அப்புறம்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினேன். வலது கண்ணாடி மூன்று துண்டாகப் பிளந்து, ஒரு துண்டு கண்ணுக்குள் போயிருந்தது. ஈயக் குண்டு அவர் காலடியில் கிடந்தது. கண்ணைக் கெடுத்தது குண்டு அல்ல, கண்ணாடிதான்.

ஈப்போ பெரியாஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். கண் தப்பியது. ஆனால் பார்வை மங்கல்தான், இதற்குமேல் தெளியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேன் ஓட்டும் லைசென்சைப் புதுப்பிக்க முடியாது.

மூன்றாம் நாள் கலாதேவியும் நானும் பார்க்கப் போனோம். கலாதேவி ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றார். பிச்சைமுத்து ஒரு கண்ணால் அவரைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்குத் தலையசைத்தார். பிறகு சொன்னார்.

"நான் கடக்காரன நம்பி வாங்கல லா. வயிரவன் சார நம்பியும் வாங்கல. உன்ன நம்பித்தான் வாங்குனேன்."

கலாதேவி கட்டில் பக்கம் நகர்ந்தார். "அண்ணே, நான்தான் எழுதியிருந்தேனே. நான் பாத்தது ஒரே ஒரு சாம்பிள், கடையில வாங்கிப் பாக்கலன்னு. அதையும் போட்டிருந்தேன்லா."

"அப்படி ஒன்னும் இல்ல."

"இருக்கு அண்ணே."

பிச்சைமுத்து தலையணைக்குக் கீழிருந்த போனை எடுத்து என்னிடம் நீட்டினார். என்னை வாசிக்கச் சொன்னார். நான் தளத்தைத் திறந்து வாசித்தேன். குண்டை ஆறு முறை போட்டது, குழாயின் உயரம், சட்டத்தின் எடை எல்லாம் இருந்தது. கடைசியில், "நம்பி வாங்கலாம்" என்று முடிந்திருந்தது. கலாதேவி போனை என் கையிலிருந்து வாங்கித் தானே மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு தன்னுடைய போனைத் திறந்து, பிப்ரவரி மாதம் வயிரவனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் தேடி எடுத்தார். அதில் இப்படி இருந்தது. "நான் சோதித்தது வயிரவன் சார் கொடுத்த ஒரே ஒரு மாதிரி. கடையில் வாங்கிப் பார்க்கவில்லை. வாங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்." தளத்தில் அந்த மூன்று வாக்கியங்களும் இல்லை. "நம்பி வாங்கலாம்" என்பது அவர் அனுப்பியதில் எங்குமே இல்லை.

இரண்டு போனையும் பிச்சைமுத்துவுக்குக் காட்டினார். அவர் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.  காரில் ஏறியபிறகு கலாதேவி அந்த இரண்டு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நம்பி வாங்கலாம் என்று தன் வாழ்நாளில் எதைப் பற்றியும் எழுதியதில்லை என்றார். அது உண்மை. பாஸ், ஃபெயில் என்றுதான் எழுதுவார்.

மறுநாள் கடையில் அதே கண்ணாடி நாலு வாங்கினார். ரசீதை வைத்துக்கொண்டார். வீட்டில் தனியாகச் செய்தால் நாளைக்கு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று, ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் சிற்றுண்டிச்சாலை மேசையில் எல்லோர் முன்னிலையிலும் குழாயை நிறுத்தினார். பதினைந்து பேராவது இருந்திருப்போம். முதல் கண்ணாடி உடைந்தது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது தாங்கியது. "இது நிக்குது," என்று சொல்லி அதையும் தாளில் எழுதினார். நாலாவது உடைந்தது.  தொழிற்சாலையில் எப்படிச் செய்வாரோ அப்படித்தான். என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அதுவும் ஒரே அடியில் பிளந்தது. ஆறு மாதமாக அதைத்தான் நான் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்தேன்.

அன்று மத்தியானமே வயிரவன் வீட்டுக்குப் போகவேண்டும், சாட்சிக்கு நீங்கள் வாருங்கள் அண்ணே என்று கலாதேவி என்னைக் கூப்பிட்டார். போனோம். வயிரவன் எங்களை உட்காரவைத்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். பிச்சைமுத்துவுக்கு எப்படி இருக்கிறது என்று வயிரவன் அக்கறையோடுதான் கேட்டார்.

"அந்த மூணு வரிய ஏன் சார் எடுத்தீங்க?" என்றார் கலாதேவி.

பிழை திருத்தும்போது நீளத்தைக் குறைப்பது வழக்கம்தான் என்றார் வயிரவன். படிக்கிறவர்களைக் குழப்பும் என்று தோன்றியதாம். மாதிரியாக வந்தது ஒன்று, பெட்டியில் வந்தது வேறு என்று தனக்கும் தெரியாது, அனுப்பியவன் தன்னையும் ஏமாற்றிவிட்டான் என்றார். அது உண்மையா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் 'அனுப்பியவன்' என்று அவர் சொன்னதைக் கலாதேவி பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்கு சார் அனுப்புனான்? இறக்குமதி பண்றது யாரு?"

வயிரவன் காபியைக் கலக்கினார். தன் மைத்துனருடைய கம்பெனி என்றார். தனக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்றார். தொழில் செய்வது குற்றமில்லையே என்றார்.

"குத்தம் இல்ல சார். எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நீங்க எழுதியிருப்பீங்களா?"

"எழுதியிருப்பேன். அதையும் சேத்து எழுதியிருப்பேன்."

வயிரவன் கரண்டியைக் கோப்பைத் தட்டில் வைத்தார். தளத்திலிருந்து அந்த மதிப்புரையை எடுத்துவிடுகிறேன், இத்தோடு விட்டுவிடலாம் என்றார். எடுக்கக் கூடாது என்றார் கலாதேவி. எடுத்துவிட்டால் வாங்கியவர்களுக்கு எப்படித் தெரியும்? வெட்டிய வரிகளைத் திரும்பப் போடவேண்டும், புதுச் சோதனையின் முடிவைக் கீழே போடவேண்டும், வாங்கிய எல்லோருக்கும் திருப்பித் தரச் சொல்லி அறிவிப்பு விடவேண்டும் என்று மூன்று கேட்டார். வயிரவன் குழுவில் பேசி முடிவு செய்யலாம் என்றார். எழுந்து வரும்போது கலாதேவி தொட்டும் பார்க்காத காபியில் ஆடை படிந்திருந்தது.

வெளியே வந்ததும் அவர் அழவில்லை. கோபம்கூட இல்லை. என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். மற்ற முப்பதிலும் எதையெல்லாம் மாற்றியிருப்பார் என்று நினைக்கிறீர்கள் அண்ணே என்று கேட்டார். அன்றிரவு கணவரும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை அப்படியே இருந்தன. நாலில் மட்டும் சொற்கள் மாறியிருந்தன. நாலும் அந்த மைத்துனரின் கம்பெனி கொண்டுவந்த பொருள்கள்.

அடுத்த வாரம் கிளப்பின் நிர்வாகக் குழு கூடியது. ஏழு பேர். கலாதேவியை உள்ளே கூப்பிட்டுப் பேசச் சொன்னோம். இரண்டு போன் திரையையும் காகிதத்தில் அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுத்தார். வயிரவனும் ஒன்றை வாங்கிப் பார்த்தார். கலாதேவி வெளியே போனபிறகு தலைவர் கனகராஜ் பேசினார். புதிய மின்னணுக் குறிப் பலகைகளுக்கு வயிரவன் பெரும் நன்கொடை தருவதாக இருக்கிறார், போலீசில் துப்பாக்கி உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில் கிளப்பில் காயம் என்று பேச்சு வெளியே போனால் எல்லோருக்கும் பாதிப்பு, உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்வோம் என்றார். அவர் சொன்னதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. அதனால்தான் யாரும் எதிர்க்கவில்லை. நானும் எதிர்க்கவில்லை. கூட்டக் குறிப்பில், "உறுப்பினர் ஒருவரின் மனக்குறை விவாதிக்கப்பட்டது" என்று எழுதினேன். கலாதேவியின் பெயரைக்கூட எழுதவில்லை. பிச்சைமுத்துவின் கண்ணைப் பற்றி எழுதவில்லை.

கலாதேவி தானே தளத்தில் எழுதிப் போட்டார். அரை மணி நேரத்தில் அது காணாமல் போனது. மறுபடி போட்டார். அவருடைய கணக்கே முடக்கப்பட்டது. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கினார்கள். இரண்டு வருடமாக அவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கில் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டவர்கள் ஐந்தாறு பேர்தான். கலா ஒரு போட்டிக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார் என்று யாரோ ஒருவர் பதில் போட்டார். யார் கிளப்பிவிட்டது என்று தெரியாது. அதற்குப் பிறகு அந்த ஐந்தாறு பேரும் கேட்கவில்லை. பழைய மதிப்புரையையும் வயிரவன் எடுக்கவில்லை. 'நம்பி வாங்கலாம், கலாதேவி' என்று அது அப்படியே நின்றது.

நுகர்வோருக்கான பயனீட்டாளர் தீர்ப்பு மன்றத்தில் புகார் கொடுக்கும்படி கலாதேவிதான் பிச்சைமுத்துவைத் தூண்டினார். முதலில் அவர் பேசவே மறுத்தார். கலாதேவி மூன்று முறை கோப்பெங் வரை பஸ்ஸில் போனார். மூன்றாம் முறை, ஆஸ்பத்திரியில் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே தங்கச்சி என்று அவர் சொன்னாராம். படிவத்தைக் கலாதேவியே நிரப்பினார். உடைந்த கண்ணாடித் துண்டுகள், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கினார். சாட்சி சொல்ல வேலைக்கு ஒரு நாள் விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது கம்பெனி ஒரு தொகை தந்து பிச்சைமுத்துவோடு சமாதானம் பேசிவிட்டது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இதைப் பற்றி எங்கேயும், யாரிடமும் பேசக்கூடாது என்பது நிபந்தனை. வேன் போய்விட்டது, வீட்டுக் கடன் இருக்கிறது, மருமகளுக்கும் வேலை இல்லை. கலாதேவிக்கு விஷயம் அவர் வாயிலிருந்து வரவில்லை. மன்றத்துக்குப் போன் செய்து நேரத்தை உறுதிப்படுத்தக் கேட்டபோது வழக்கு திரும்பப் பெறப்பட்டது என்று அங்கிருந்த குமாஸ்தா சொன்னார்.

அன்று மாலை கோப்போடு என் வீட்டுக்கு வந்தார். இதற்கு முன்னால் அவர் வந்ததில்லை. கோப்பை மேசைமேல் வைத்தார்.

"பிச்சைண்ணன் பண்ணது தப்பில்ல லா. கண்ணு போனது அவருக்கு. ஆனா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்."

நான் வயிரவனைப் பற்றி ஏதோ திட்டிப் பேச ஆரம்பித்தேன். அவர் என்னை நிறுத்தினார்.

"அவர விடுங்க அண்ணே. அவருக்கு அதுல லாபம் இருந்துச்சு. உங்களுக்கு என்ன இருந்துச்சு? நீங்க பக்கத்துல நின்னுதான் பாத்தீங்க. மினிட்ஸ்ல என் பேரக்கூட எழுதலியே."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உறுப்பினர் பதவியை விட்டு விலகும் கடிதத்தையும் அந்தக் கோப்பின் மேலேயே வைத்திருந்தார். நாலு வரிக் கடிதம். காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. செயலாளர் என்ற முறையில் நான் அதைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுப் பிரதி கொடுத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட அன்றைக்கு வாய் வரவில்லை.

அவருக்குத் தூக்கம் கெட்டுப்போனதாகத் தனேஸ்வரன் பிறகு சொன்னார். தொழிற்சாலையில் கீழே வேலை செய்கிற பெண்கள் கொண்டுவந்து கொடுக்கிற எண்களை நம்பாமல், எல்லாவற்றையும் மறுபடி தானே சோதித்து, வேலை தேங்கி, மேலாளரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். அந்தப் பெண்களில் ஒருத்தி, பதினான்கு வருடம் கூட இருந்தவள், முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாளாம், எங்களையுமா அக்கா என்று. கலாதேவி அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கழிவறைக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்திருக்கிறார். இந்த விவகாரத்தில் அவர் அழுதது அந்த ஒரு தடவைதான் என்று தனேஸ்வரனுக்கு நம்பிக்கை.

'மாத்தா ஹெலாங்' கண்ணாடி அந்த ஆண்டு இறுதியில் கடைகளிலிருந்து போய்விட்டது. அதே சட்டம், அதே நிறம், வேறு பெயரில் இப்போது வருகிறது. கிளப்புக்கு மின்னணுக் குறிப் பலகைகள் வந்துவிட்டன. நன்றாகத்தான் வேலை செய்கின்றன.

இந்த ஆண்டு மார்ச் மாதம் கிளப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. நான் செயலாளர் பதவிக்கு மறுபடி நிற்கப்போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன். கடைசிக் காரியமாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். சென்ற ஆண்டு நிர்வாகக் குழுக் கூட்டத்தின் குறிப்பு தவறாக எழுதப்பட்டது, எழுதியவன் நான், அது திருத்தப்படவேண்டும் என்றேன். நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். வாசித்தேன். வாசிக்கும்போது நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வயிரவன் எழுந்து போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். கனகராஜ், முடிந்துபோனதை ஏன் கிளறவேண்டும் என்றார். வாக்கெடுப்புக்கு விட்டார்.

என் பக்கம் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எட்டு வரை எண்ணினேன். பின்வரிசையில் பிச்சைமுத்து உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இப்போது அவர் சுடுவதில்லை, சந்தாவை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார். எங்கேயும் பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட மனிதர். அவர் பேசவில்லை. கையை மட்டும் தூக்கினார். கனகராஜ் அவரை இரண்டு முறை பார்த்தார். கை இறங்கவில்லை. ஒன்பதுக்கு இருபத்து மூன்று. தீர்மானம் தோற்றது.

வெளியே மரத்தடியில் நின்று கலாதேவிக்குப் போன் செய்தேன். அவர் வேலையில் இருந்தார், பின்னால் இயந்திரச் சத்தம். தோற்றுவிட்டது என்றேன். ம் என்றார். ஆச்சரியம் எதுவும் இல்லை. யார் யார் கை தூக்கினார்கள் என்று கேட்டார். நான் பெயர்களைச் சொன்னேன். எட்டாவது பெயர்வரை ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதாவதாகப் பிச்சைமுத்து என்றதும் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அவரு வண்டியிலயா வந்தாரு?" என்று கேட்டார்.

"கோப்பெங்லேருந்து பஸ்ல வந்தாரு."

"சரி அண்ணே, பிரேக் முடிஞ்சிருச்சு," என்று சொல்லி வைத்துவிட்டார்.